ஒற்றைக் காலுறை மாட்டிய தம்பிக்கு

லெம்விக்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி எய்கிலுக்கு அண்ணன் வெர்னர் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி மார்கிட்டும் சுகம். நீயும் சுகம்தான், உடம்புக்கு முடியாதவனால் நாலு பக்கம் அவ்வளவு கோபமாக எழுத முடியாது.

உன் மகள் சில்யே வரைந்த படத்தை என் வீட்டுச் சுவரிலிருந்து இறக்கினால்தான் என் எழுபதாவது பிறந்தநாளுக்கு வருவாயாம். ஊரே உன் முட்டியைப் பார்க்கட்டும் என்றுதான் நான் அதை மாட்டினேனாம். இது அநியாயம், தம்பி. நடந்தது வேறு.

எங்கள் பால்பண்ணை ஆட்கள் சேர்ந்து நடத்தும் ஓவியச் சங்கத்தை உனக்குத் தெரியும். வருடம் முழுக்கச் சந்தாப் பணத்தில் படமும் பாண்டமும் வாங்கிச் சேர்ப்பார்கள், மார்ச் மாதம் சீட்டுக் குலுக்குவார்கள், எண் விழுந்தவர் வரிசைப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முப்பத்தொரு வருடமாக ஒரு சாம்பல் கிண்ணம்கூட விழாத எனக்கு இந்த முறை முதல் எண். ஆசை என்னவோ கலங்கரை விளக்கப் படத்தின் மேல்தான். ஆனால் முதல் ஆளாகப் போய் நல்லதை அள்ளினால் ஊர் சும்மா இருக்குமா? வெர்னருக்குத் தலைக்கனம் என்று அடுத்த மார்ச் வரை என்னைக் காபிக்குத் தொட்டுக்கொள்வார்கள். அதனால் யாருக்கும் வேண்டாததாகத் தெரிந்த ஒன்றைக் காட்டினேன்: கட்டில் விளிம்பில் உள்ளாடையோடு குனிந்து காலுறை மாட்டுகிற ஒரு கிழவன். கூடமே திரும்பிப் பார்த்தது. சங்கத் தலைவி பக்கத்தில் வந்து, "இந்த வருஷத்துலயே பெரிய படம் இதுதாங்க. எல்லாரும் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தோம். கூச்சமே இல்லாம தூக்கிட்டீங்களே!" என்றாள். என் அடக்கத்துக்குக் கிடைத்த மரியாதை அது.

வரைந்தவர் பெயரைப் பார்த்ததே வீட்டுக்கு வந்துதான். கிழவன் யாரென்று சொன்னது உன் அண்ணி. "கண்ணு தெரியலையா? உங்க தம்பிதாங்க அது!" நான் நம்பவில்லை. அறுபத்தாறு வருடமாக நீ நின்றுகொண்டு கத்தித்தான் பார்த்திருக்கிறேன். இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

சோபாவுக்கு மேலே மாட்டியதிலிருந்து தொல்லைதான். புகைபோக்கி துடைக்க வந்தவன் ஏணியைச் சாய்த்துவிட்டுக் கால்மணி நேரம் படத்தின் முன் நின்றான். "இவருக்கு வலது இடுப்புல வலி. சொல்ல மாட்டாரு, வீம்பு" என்றுவிட்டு, கம்பளமெல்லாம் கரிச்சுவடு வைத்துவிட்டுப் போனான். உன் இடுப்பு வலியே எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். பக்கத்து வீட்டு இங்கெபோர் தினமும் வேலிக்கு மேலே எட்டி, "இன்னொரு காலுறையும் மாட்டிட்டாரா?" என்கிறாள். நான் செய்தித்தாளைப் பிரித்தால் முதல் பக்கம் தாண்டுவதில்லை. அந்தக் குதிகாலின் சிவப்பைப் பார்த்தாலே தரை சில்லென்று இருப்பது தெரிகிறது. கிட்டப் போனால் வெறும் சேறு அப்பியதுபோல் இருக்கிறது, மூன்றடி தள்ளி வந்தால் உன் கை, நரம்போடு. எப்படித்தான் செய்தாளோ! மூன்று வாரமாக முன்னும் பின்னும் நடந்து கம்பளம் தேய்ந்ததுதான் மிச்சம். கலங்கரை விளக்கமாக இருந்தால் ஒரு தடவை பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆகவே இன்று காலை படத்தைக் கழற்றித் துணி துவைக்கும் அறையில் சுவரைப் பார்த்து வைத்துவிட்டேன். நீ ஜெயித்தாய். இந்தப் படத்தை வரைந்தாள் என்று ஒரு வருடமாகப் பெற்ற மகளோடு பேசாமல் இருக்கிறாய். அவளும் சனிக்கிழமை பிறந்தநாளுக்கு வருகிறாள். பிறந்தநாள் கொடி ஏற்றும் கம்பத்துக்கு வெள்ளை அடித்தாயிற்று, ஹெர்ரிங் மீன் ஊறுகிறது. பேச்சை மழையோடும் காற்றோடும் நிறுத்திக்கொள்வோம். வந்துவிடு.

உனக்கும் உன் பசுக்களுக்கும் உன் வலது இடுப்புக்கும் எங்கள் அன்பு.

உன் அண்ணன்,
வெர்னர்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும்போது துவைக்கும் அறையிலிருந்து உன் அண்ணி கூப்பிட்டாள். படத்தைத் திருப்பி வைத்திருந்தாள். "கட்டிலுக்கு அடியில பாருங்க." இருட்டோடு இருட்டாக உன் ரூத்தின் நீலச் செருப்பு, ஜோடியாக. உன் மனைவி இறந்த அதே மாதம் அவள் சாமான் எல்லாவற்றையும் தேவாலயத்தின் தருமக் கடைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். நாங்களும் நம்பினோம். கல்நெஞ்சன் என்றுகூட உன்னைச் சொன்னேன், மன்னித்துவிடு. சில்யே மட்டும் குனிந்து பார்த்திருக்கிறாள். உன் கோபம் முட்டிக்காக இல்லை, தம்பி. படத்தை மறுபடி மாட்டிவிட்டேன், இனி இறக்க மாட்டேன். நீ வா. படத்துக்கு முதுகு காட்டி உட்காரும்படி உன் நாற்காலியைப் போட்டிருக்கிறேன். உனக்கு எதிரே சில்யே.