தோய்த்தால் ஓட்டை விழும் சேட்டு

துணியில் ஓட்டை விழுந்தால் ஊசியைத் தேடுகிறவர்கள் உருப்படுகிறார்கள். ஏன் விழுந்தது என்று தேடுகிறவன் என்ன ஆவான் என்பதற்கு நானே சாட்சி.

ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடமும் பள்ளிக்கூடத்துக்கு நானும் அலுத்துப்போனோம். பிறகு முல்லைத்தீவில் கருவாடு காயப்போட்டேன். நெடுங்கேணிக் காட்டில் மரம் தறித்தேன். காய்ச்சல் வந்தது, விட்டேன். அறுபதுகளின் தொடக்கத்தில் கண்டாவளைப் பக்கம் அக்கா வீட்டில் வந்து ஒதுங்கினேன். அக்காவும் அத்தானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்தவர்கள். காலையில் அத்தானின் வயலில் கொஞ்சம் கை கொடுப்பேன். மற்ற நேரமெல்லாம் சந்தியில் காசிம் நானாவின் கடையில் வேலை: மூட்டை தூக்குவது, தராசு பிடிப்பது, றேடியோவின் பற்றரியை ரவுணுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவது. (கரண்ட் என்பதை நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம், அவ்வளவுதான்.)

அங்கேதான் என் துணிகளில் ஓட்டை விழத் தொடங்கியது. கடுகளவு, மிளகளவு. தோய்க்கும்வரை துணி முழுசாக இருக்கும். தோய்த்துக் கொடியில் போட்டால் அதற்குள்ளால் வானம் தெரியும்.

“அக்கா, என்ரை சாரத்தை என்ன செய்தனீ?”

“தோய்ச்சனான். பின்னை என்ன, பொரிச்சே தின்னுறது?”

நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். முதலில் சவுக்காரத்தைப் பிடித்தேன். ஒரு கந்தலைச் சவுக்காரத் தண்ணீரில் நாட்கணக்காக ஊறவைத்தேன். கந்தல் வெளுத்து அழகாக வந்தது. அடுத்தது தோய்க்கிற கல். வாய்க்காலிலிருந்து வேறு கல்லை உருட்டிக்கொண்டு வந்ததில் கால் நகம் ஒன்று போனதுதான் மிச்சம். பிறகு பூச்சியைச் சந்தேகித்து, கொடி முழுவதும் வேப்பங்குழை கட்டினேன். வீடு அம்மாள் நோய் வந்த வீடு போல ஆகிவிட்டது. அயலில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

“என்ரை சீலையையும் அத்தான்ரை வேட்டியையும் அதே கல்லிலைதான் அடிக்கிறன்,” என்றாள் அக்கா. “அதுகளிலை ஏன் விழேல்லை?”

மூளை உள்ளவன் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான், “அதுகள் பழந்துணி அக்கா. பூச்சிக்கும் ருசி இருக்காதே?” என்றேன்.

அப்போதுதான் காணிக் கச்சேரி வந்தது. காடு வெட்டித் திருத்திய நிலத்தை, காணியில்லாத கமக்காரரை, அதாவது விவசாயிகளை, நேரில் விசாரித்து அரசாங்கம் பிரித்துக் கொடுக்கும் நாள் அது. ஆளுக்கு மூன்று ஏக்கர், வேறு தொழில் உள்ளவனுக்குக் கிடையாது. நெளுக்குளத்தில் ஒரு வீட்டார், காணி கிடைத்தால் பெண் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் போனபோது அந்தப் பெண் கதவோரம் நின்று சிரித்தாள். (என்னைப் பார்த்தா, என் சாரத்தைப் பார்த்தா என்று கேட்க வசதிப்படவில்லை.) எப்படியோ, அலைந்த கால் அந்தச் சிரிப்பில் நின்றுவிட்டது. கச்சேரிக்கென்று வெள்ளைச் சேட்டு ஒன்று தைத்தேன். பொறுமை இல்லாமல் கடை வேலையாக ரவுணுக்குப் போனபோதே அதைப் போட்டு ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு வந்து, தோய்க்கக் கொடுத்தேன்.

அக்கா தோய்த்து, கஞ்சி போட்டு, அயன் பண்ணித் தந்தாள். தோளில் சல்லடை! வேறு சேட்டு இல்லை. அதையே போட்டுக்கொண்டு அத்தானோடு போனேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை. மேசைக்குப் பின்னால் அதிகாரி.

“என்ன தொழில்?”

“கமம், ஐயா. வேறை ஒண்டும் தெரியாது.” (அத்தான் வழி நெடுகச் சொல்லித் தந்த வசனம்.)

எழுதக் குனிந்தவர் நிமிர்ந்து என் தோளைப் பார்த்தார்.

“இது புதுச் சேட்டல்லோ? ஓட்டை போட்டுக்கொண்டு வந்தால் ஏழை எண்டு நம்புவம் எண்டு நினைச்சீரோ? கத்தரியோ, சுருட்டு நெருப்போ?”

“நான் போடேல்லை ஐயா. தோய்க்க விழுந்தது.”

வரிசை முழுவதும் சிரித்தது.

“கரப்பொத்தான் ஐயா,” என்றார் ஒரு கிழவர். “கஞ்சி போட்டால் விடாது.”

“தோய்க்கிற ஆளுக்கு உம்மிலை என்ன கோவம், தம்பி?” என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண்.

அதிகாரிக்கும் ஆவல் பிடித்துவிட்டது. அவரும் என் சாதி ஆள்தான் போலும், அதாவது ஏன் என்று கேட்கிற சாதி.

“திரும்பும் பாப்பம். வலத் தோளிலைதான் எல்லாம். இடப்பக்கம் ஒண்டுமில்லை. பூச்சிக்கு வலம் இடம் தெரியுமோ?”

அந்தக் கேள்வி என்னைப் பிடித்து உலுக்கியது. வலத் தோள்! மூட்டையை நான் இடத் தோளில்தான் தூக்குவேன். வலத் தோளில் தூக்குவது…

“பற்றரி!” என்று கத்தினேன். “ஐயா, பற்றரி! காசிம் நானாவின்ரை கடைப் பற்றரியை வலத் தோளிலை வைச்சுத்தான் ரவுணுக்குக் கொண்டுபோறனான். அசிட் சிந்தித் தோளிலையும் சாரத்திலையும் பட்டிருக்கு! சிந்தேக்கை ஒண்டும் தெரியாது. துணி இத்துப்போய் இருக்கும், தோய்க்கத்தான் கொட்டுண்ணும்!”

மண்டபம் வாயைப் பிளந்தது.

“கெட்டிக்காரன்,” என்றார் அதிகாரி. என்னை அப்படி யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. “கடையிலை எவ்வளவு காலமாய் வேலை?”

“ரெண்டு வருசம், ஐயா!” (இருந்த சந்தோஷத்தில் சாதகத்தையே ஒப்பித்திருப்பேன்.)

“கமம் தவிர வேறை ஒண்டும் தெரியாது எண்டீர்?”

அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்வது தெரிந்தது.

“அடுத்த ஆள் வாரும்.”

நான் நேரே கடைக்கு ஓடினேன். பற்றரியின் மேல் கசிந்திருந்த ஈரத்தை ஒரு துணியில் ஒற்றிக் காயவைத்து, அக்காவிடம் கொடுத்தேன். காய்ந்த துணியில் ஒரு குறையும் இல்லை. அவள் கசக்கிப் பிழிந்தாள். விரல் மறுபக்கம் வந்தது.

“பாத்தியே? உன்னிலை பிழை இல்லை!”

“அதை நான் எப்ப தொடக்கம் சொல்லுறன்?” என்றாள் அக்கா. “அது கிடக்கட்டும், காணி என்ன மாதிரி?”

நெளுக்குளத்துப் பெண்ணை அன்று காணி கிடைத்த ஒருவர் கட்டிக்கொண்டார். நான் வேறு ஊர்களுக்கு நடையைக் கட்டினேன். ஆனால் எப்போது அக்கா வீட்டுக்கு வந்தாலும், மின்னல் ஏன் முந்துகிறது, இடி ஏன் பிந்துகிறது என்று நான் வாயைத் திறந்தால் போதும், அக்காவின் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

“மாமா, இதுக்கு எத்தினை ஏக்கர் போகும்?”

விஷயம் சின்னதாக இருந்தால் அத்தான் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டுவார்.

“இதுக்கு அரை ஏக்கர்தான் போகும். சொல்லட்டும், விடுங்கோ.”