மாமனாரின் வானவில் நாணயம்

உறையைப் பிரித்ததும் கிளென்னின் விரலில் பச்சையாக ஏதோ பிசுபிசுத்தது.

உள்ளே இருந்தது மாமனார் லயனலின் உயிர். 1938-ஆம் வருடத்து ஐந்து ஷில்லிங் வெள்ளி நாணயம். ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகர நாணயச் சங்கத்தில் அதற்குத் தனி மரியாதை. விளிம்பில் நீலம், நடுவில் பொன், இடையில் சிவப்பு என்று ஒரு வானவில்லே அதில் படர்ந்திருந்தது. ஓக் மர இழுப்பறையில் நாற்பது வருடம் யாரும் தொடாமல் கிடந்ததால் தானாக வந்த நிறம் என்பார் லயனல். அந்த இயற்கை நிறத்துக்காகவே நாலு மடங்கு விலை.

குளிருக்குப் பயந்து காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு வெயிலடிக்கும் குவீன்ஸ்லாந்துக்குக் கிளம்பியபோது, அதை மருமகனிடம் ஒப்படைத்தார். ஒழுங்காகப் பாதுகாத்தால் மொத்தச் சேகரிப்பும் பிற்பாடு உனக்கு, இல்லையென்றால் என் தங்கை மகன் கிரெய்க்குக்கு என்றார். காகித உறை, உலர்ந்த இடம், அவ்வளவே அவர் கேட்டது.

கிளென்னுக்குக் காகிதம் மட்டமாகப் பட்டது. நல்ல மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டு, வெந்நீர்த் தொட்டியின் சூடு படும் அலமாரியில் வைத்தான். அதைவிட உலர்ந்த இடம் ஊரிலேயே கிடையாது. நாலு மாதச் சூட்டில் பிளாஸ்டிக் கசிந்து நாணயத்தில் சளி மாதிரி ஒட்டிக்கொண்டது.

நாளை மதியம் லயனலும் மாமியாரும் வருகிறார்கள். கண்காட்சிக்கு நாணயம் தேர்ந்தெடுக்கச் சங்கத் தலைவர் பார்ரியும் கூடவே வருகிறார்.

"ஜனீன், நகச்சாயம் அழிக்கிற தண்ணி எங்கே வெச்சிருக்கே?"

"நீ எப்போலேர்ந்து நகத்துக்குச் சாயம் போட ஆரம்பிச்சே?" என்றாள் மனைவி.

பச்சை போனது. ஆனால் அந்தத் தண்ணீரிலிருந்த ரோஜா நிறம் திட்டுத் திட்டாக நாணயத்தில் தங்கிவிட்டது. யாரோ இணையத்தில் எழுதியிருந்தபடி அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் மூன்றையும் சேர்த்து அதில் முக்கினான். ஒரே நிமிடத்தில் திட்டு போய்விட்டது. கூடவே வானவில்லும் போய்விட்டது. கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்த கரண்டி மாதிரி நாணயம் மின்னியது.

"நல்லா பளிச்சுன்னுதானே இருக்கு? உங்கப்பா சந்தோஷப்பட மாட்டாரா?"

"கிரெய்க்குக்கு ஃபோன் போடுவார்" என்றாள் ஜனீன்.

வேகவைத்த முட்டையின் வாடை பட்டால் வெள்ளி நிறம் மாறும் என்று அதே இணையம் சொன்னது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஆறு முட்டையை மசித்து டப்பாவில் போட்டு, பக்கத்தில் நாணயத்தை வைத்து மூடினான். தொலைக்காட்சியில் ஃபுட்டி கால்பந்து ஆட்டம் சூடு பிடித்திருந்தது. முடிந்து வந்து திறந்தால், பொன்னும் சிவப்பும் நீலமும் வந்திருந்தன. நாணயத்திலிருந்த மன்னர் ஜார்ஜின் கன்னம் மட்டும் யாரோ குத்துவிட்டது போல் கருநீலமாகக் கன்றியிருந்தது. வீடு முழுக்க நாற்றம்.

மறுநாள் வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். சாக்கடை அடைப்பு என்று சமாளித்தான் கிளென்.

பார்ரி பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். "லயனல், போன தடவையைவிட நிறம் அழுத்தமா இருக்கே?"

லயனல் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்துகொண்டே போனது. கிரெய்க்கின் அலமாரியில் மொத்தச் சேகரிப்பும் ஏறிக்கொண்டிருப்பது கிளென்னின் கண்ணில் தெரிந்தது.

"வெள்ளி அப்படித்தான் பார்ரி" என்றார் லயனல், தொண்டையைச் செருமிக்கொண்டு. "தானா மாறிக்கிட்டே இருக்கும். பையன் நல்லாத்தான் பார்த்துக்கிட்டிருக்கான்."

'இயற்கை நிறம்' பிரிவில் நாணயத்தின் பெயரை பார்ரி எழுதிக்கொண்டார். இப்படியும் ஒரு பெருந்தன்மையா? கிளென்னுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனாருக்குத் தன் கையாலேயே தேநீர் போட சமையலறைக்கு ஓடினான்.

அங்கே மாமியார் பெரில் குப்பைத் தொட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த முட்டை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஆறு ரொம்ப அதிகம் கண்ணு" என்றாள் மெதுவாக. "அவர் எப்பவும் ரெண்டு முட்டைதான் போடுவார்."