கொழும்பில் எடுபட்ட என் கேஸ்

எங்கள் குடும்பத்தில் யாரும் வழக்கென்று கோட்டுப்படி ஏறியதில்லை. வாப்பாவும் ஏறவில்லை, அவருடைய வாப்பாவும் ஏறவில்லை. இதைக் கல்யாண வீட்டிலும் மையத்து வீட்டிலும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் நான். (கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.) அப்படிப்பட்ட நான், நீதவானும் பொலிசும் எதிராளியும் இல்லாத ஓர் இடத்தில் கேஸ் பேசி, சாட்சி விசாரித்து, சான்றுப் பொருளும் காட்டிவிட்டு வந்தேன். அந்த இடம் கொழும்பில் உள்ள ஒரு வணிக முகாமைத்துவக் கல்லூரி.

கண்டக்குழிக் கரையில் எனக்கு ஒரு கருவாட்டு வாடி இருக்கிறது. தொண்ணூறில் ஆயுதக்காரர்கள் ஊரைவிட்டு எழும்பச் சொல்லி, மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்கள் நாங்கள். கூடாரத்திலும் ஓலைக் குடிசையிலும் இருந்து, கடைசியில் இந்த மண்ணில் நாலு கம்பு நட்டு, மீன் வெட்டிக் காயப்போட்டுத்தான் பிள்ளைகளை வளர்த்தேன். இப்போது என்னோடு பத்துப் பதினைந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லாரும் என்னைப் போல எழும்பி வந்தவர்கள்தான்.

சண்டை முடிந்த பிறகு, பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் பாய்கிற வெள்ளைக்காரர்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கினார்கள். அவர்கள் தங்குவதற்காக நிமல் மாத்தயா (சிங்கள ஐயாமாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பக்கத்து வளவில் ஒரு விடுதி கட்டினார். நல்ல மனிதர். ஆனால் காற்று வாடிப் பக்கமிருந்து அவர் பக்கம் அடிக்கும் மாதங்களில் அவருடைய முகம் மாறிவிடும். ஒரு நாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மா, இந்த மணத்துக்கு நான் கேஸ்தான் போட வேணும் போல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒருமுறை எழும்பச் சொன்னதைக் கேட்ட காதுக்கு அந்த மாதிரிப் பகிடி பிடிபடாது.

அந்த நாட்களில்தான் ஷர்மிளா மிஸ் கொழும்பிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார். அந்தக் கல்லூரியில் படிப்பிக்கிற பிள்ளை. வாடியில் எங்களோடு குந்தியிருந்து, மீன் எங்கே வாங்குகிறீர்கள், யாருக்கு விற்கிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார். நானும் விடாமல் கதைப்பேன். பக்கத்து விடுதிக்கும் போய் நிமல் மாத்தயாவிடம் கதை கேட்டதாகச் சொன்னார். எனக்கு அப்போது ஒன்றும் ஓடவில்லை.

ஒரு நாள் போனில் மிஸ்ஸின் கோல் வந்தது.

"உம்மா, நல்ல செய்தி! உங்கட கேஸ எடுத்துட்டாங்க. வாற சனிக்கிழமை கொழும்புல."

"என்ட கேஸா? ஆரு எடுத்த?"

"எங்கட பேராசிரியர்தான். பெரிய பெரிய கம்பெனி மெனேஜர்மார் இருந்து விவாதிப்பாங்க. நிமல் மாத்தயாவும் வாறார். நீங்களும் கட்டாயம் வரணும்."

"நான் வராட்டி?"

"நீங்க வராட்டியும் நடக்கும் உம்மா. ஆனா வந்தா நல்லம்."

நான் வராவிட்டாலும் நடக்குமாம்! ஆளில்லாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள் என்று விளங்கிக்கொண்டேன். எதிராளியும் வருகிறார். இதை நல்ல செய்தி என்று சொல்கிற பிள்ளையை என்னவென்று சொல்வது? கொழும்புப் பிள்ளைகள் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவரிடம் சொன்னேன். (எங்கள் வழக்கப்படி அவரை நான் 'மகள்ட வாப்பா' என்றுதான் கூப்பிடுவேன்.)

"கேஸ் பேச அப்புக்காத்து வைக்கல்லையா?" என்று கேட்டார்.

"என்ட வாய் போதாதா?"

"ஓம், அது போதும். எதிராளியத்தான் அல்லாஹ் காப்பாத்தணும்."

அப்புக்காத்து இல்லாவிட்டாலும் சாட்சி வேண்டுமே. வாடி மணக்கவில்லை என்று சத்தியம் பண்ண ஒருவர் வேண்டும். பொய்ச் சத்தியம் ஹராம். யோசித்து யோசித்து ஒரு ஆளைக் கண்டுபிடித்தேன். மகள்ட வாப்பாவின் தங்கச்சி ஸுலைஹா. ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவளுடைய மூக்கு எதையும் மணந்ததில்லை.

"பொய் சொல்ல மாட்டேன் மதினி, என்ட ஈமான் போயிரும்" என்றாள்.

"ஆரு பொய் சொல்லச் சொன்ன? வாடி உனக்கு மணக்குதா?"

"இல்ல."

"அதைத்தான் சொல்லு."

அவ்வளவு கெட்டித்தனம் அந்த வயதில் எனக்கு. சும்மா போகாமல், எங்கள் கருவாட்டின் தரத்தைக் காட்டவென்று கட்டா மீன் கருவாட்டில் முதல்தரமான பெரிய பார்சல் ஒன்றையும் கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை நானும் ஸுலைஹாவும் மகள்ட வாப்பாவும் கல்லூரி வாசலில் இறங்கினோம். எங்கே பார்த்தாலும் கறுப்புக் கோட்டு. ஆண்களும் பெண்களும் கறுப்புக் கோட்டுப் போட்டுக் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். "யா அல்லாஹ், நிமல் மாத்தயா இத்தன அப்புக்காத்துமார வச்சிருக்காரே" என்றேன். மேசையடியில் நின்ற ஒரு பெண் என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டாள். மறியலில் அடைபட்டிருப்பவர்களுக்கு நம்பர் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே பெயரையே போட்டிருந்தார்கள். அந்த மரியாதையாவது கிடைத்ததே என்று இருந்தேன்.

உள்ளே படிப்படியாக உயர்ந்து போகும் கதிரைகள். ஜன்னல் எல்லாம் பூட்டி, ஏசி போட்டிருந்தது. நடுவில் வெள்ளை முடியோடு பேராசிரியர் நின்றார். அவர்தான் நீதவான் என்று முடிவு பண்ணினேன். சுவரில் என் வாடியின் படம் அலுமாரி அளவுக்குத் தெரிந்தது. முன் வரிசையில் நிமல் மாத்தயா. என்னைக் கண்டதும் கை காட்டிச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிராளியோடு சிரித்தால் கேஸ் பழுதாகிவிடும்.

இங்கிலீசில் கதை தொடங்கியது. ஷர்மிளா மிஸ் என் பக்கத்தில் இருந்து காதுக்குள் தமிழில் சொன்னார். ஒரு கறுப்புக் கோட்டு எழும்பி நீளமாகப் பேசினார்.

"என்ன சொல்றார்?"

"வாடிய வேற இடத்துக்கு மாத்தணுமாம் உம்மா. அந்தக் காணிக்கு இப்ப நல்ல மவுசாம்."

அதற்குப் பிறகு நான் மனிதப் பிறவியாக இருக்கவில்லை. எழும்பி நின்றேன்.

"ஐயாமாரே! நான் ஒருக்கா எழும்பி வந்தவ. ரெண்டாந்தரம் எழும்ப ஏலாது. என்னோட வேலை செய்யுற புள்ளைகளும் அப்படித்தான். நீங்க தீர்ப்புச் சொல்ல முந்தி என்ட சாட்சியக் கேளுங்க. ஸுலைஹா, வா இங்க!"

ஸுலைஹா நடுவில் போய் நின்று, "வல்லாஹி, எனக்கு அந்த வாடியில ஒரு மணமும் வரல்ல" என்றாள்.

தமிழ் தெரிந்த ஒரு கறுப்புக் கோட்டு கேட்டார். "உங்களுக்கு வேற மணம் ஏதும் வருமா?"

"எப்படி?"

"பூ மணம்? பொரிச்ச வெங்காயம்?"

ஸுலைஹா என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். ஆனால் அவள் ஈமான்காரி. "இல்ல ஐயா. காய்ச்சலுக்குப் பொறகு ஒண்டுமே வாறதில்ல" என்றாள்.

முழு மண்டபமும் குலுங்கிச் சிரித்தது. சாட்சி கெட்டுப்போனது. இனிப் பொருள்தான் பேச வேண்டும் என்று பார்சலைப் பேராசிரியரின் மேசையில் வைத்து அவிழ்த்தேன்.

கடற்கரையில் கருவாடு மணந்தால் காற்று கொண்டுபோய்விடும். பூட்டிய ஏசிக்குள் அதற்குப் போக இடம் ஏது? முதல் வரிசை பின்னால் சாய்ந்தது. இரண்டாம் வரிசை எழும்பியது. பேராசிரியர் கழுத்துப் பட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, யார் உங்களுக்குக் கேஸ் போட்டது?"

நான் நிமல் மாத்தயாவைக் காட்டினேன். அந்த மனிதர் துள்ளி எழும்பினார். "ஐயோ அம்மா, நான் போடல்ல! என்னையும் மிஸ்தானே வரச் சொன்ன!"

ஷர்மிளா மிஸ் தலையில் கை வைத்தார். "உம்மா, இது அந்தக் கேஸ் இல்ல. ஒரு தொழில்ட கதைய எழுதினா அதுக்கும் கேஸ் எண்டுதான் சொல்வாங்க. இவங்க எல்லாம் கம்பெனியில வேலை செஞ்சுகொண்டு சனிக்கிழமையில படிக்க வாறவங்க. அந்தக் கதைய வாசிச்சி, தாங்களா இருந்தா என்ன செய்வோம் எண்டு கதைப்பாங்க. அவ்வளவுதான்."

"அப்ப தீர்ப்பு?"

"தீர்ப்பே இல்ல உம்மா."

"கதைய கதையெண்டு சொன்னா என்ன புள்ள, வாய் நோகுமா?"

முக்காட்டை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டேன். (மற்றவர்களும் மூக்கை மூடியிருந்தார்கள். அது வேறு காரணம்.) கதவுக்கு அருகில் இருந்த மகள்ட வாப்பா, எங்களைத் தெரியாத ஆள் மாதிரி வெளியே போய்க்கொண்டிருந்தார்.

ஆனாலும் வெட்கத்தோடு வெட்கமாக ஒரு காரியம் பார்த்தேன். "அப்ப நீங்க என்னில கேஸ் போட மாட்டீங்க?" என்று நிமல் மாத்தயாவிடம் கேட்டேன்.

"போட மாட்டேன் அம்மா. அண்டைக்குச் சொன்னது சும்மா பகிடிக்கு."

"அதை இத்தன பேருக்கும் கேட்கச் சொல்லுங்க."

சொன்னார். தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். ஜன்னலைத் திறக்க ஏலாத கட்டடமாம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு மண்டபத்துக்குப் போய்த்தான் மற்றக் கதைகளைக் கதைத்தார்கள்.

அது முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு என் கதையைக் கொடுக்கிறார்கள். நடந்து முடிந்ததும் மிஸ் கோல் எடுப்பார். வீட்டில் எல்லாரும் சுற்றி நின்று, "என்னவாம், கேஸ் வெண்டீங்களா?" என்று கேட்பார்கள். சில வருஷம் வாடி இருக்கட்டும் என்கிறார்களாம். சில வருஷம் விற்கச் சொல்கிறார்களாம். போன முறை விற்கத்தான் வேண்டும் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்து மிஸ்ஸோடு சரியாகக் கதைக்கவும் இல்லை.

"கவலைப்படாதீங்க, அடுத்த தவணைக்குப் பார்ப்போம்" என்றார் மகள்ட வாப்பா. "உங்கட கேஸ் இந்த ஜென்மத்துல முடியாது."

முடியாமலே கிடக்கட்டும். கேஸ் முடியும்வரைக்கும் என்னை யாரும் எழும்பச் சொல்ல ஏலாதே.