பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர்கள்

ஹெலிகாப்டர் என் பிடரிக்குப் பின்னால் கிளம்பி, தலைக்கு மேல் வந்து, எதிர்ச் சுவரில் மோதி வெடித்தது. நான் குனிந்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கைப்பைக்குள் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எப்படி சார்?" என்றார் கடைக்காரர், அவரே வெடிக்க வைத்ததுபோல.

"வெடிக்கிறது எல்லாத்துலயும் வெடிக்கும். பாட்டு போடுங்க."

ஜன்னல் இல்லாத அறை அது. சுவரெல்லாம் கம்பளம் ஒட்டியிருந்தது. அலமாரியில் ரிசீவர்கள், அதாவது படத்தின் சத்தத்தையும் பாட்டையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகள், அண்ணன் தம்பிகள் மாதிரி ஒரே முகத்தோடு அடுக்கியிருந்தன. முதலில் கேட்ட ரிசீவர் படத்தில் இடியாக இடித்தது. பாட்டு என்று வந்ததும் பாடகருக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது. அடுத்தது பாட்டு என்றால் தேன். படத்தில் வெடிகுண்டு விழுந்தால் சமையலறையில் தட்டு விழுந்ததுபோல இருந்தது. எனக்கு இரண்டும் ஒன்றாக வேண்டும். காரணம் இருந்தது.

மகள் கல்யாணமாகிப் போனபின் சாயங்காலமானால் மனைவி உள்ளறைக்குள் போய்விடுவாள். அங்கே அவளுடைய தையல் மெஷின். காதில் இயர்போன். கதவைச் சாத்திக்கொள்வாள். ஹாலில் நானும், மூன்று பேர் உட்காரும் சோபாவும். ஓரத்தில் உட்கார்ந்தால் மற்ற இரண்டு இடமும் என்னையே பார்க்கும். நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமிருந்தும் பார்க்கும். கூப்பிட்டால், "இதோ வரேன்" என்பாள். அந்த 'இதோ' சாப்பாட்டு நேரத்தில்தான் முடியும்.

போன மாதம் காது டாக்டர் அவளிடம் இயர்போனையே தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் மனசுக்குள் டாக்டருக்கு மாலை போட்டேன். இனி அவளுக்குப் பாட்டு வேண்டுமென்றால் ஹாலுக்குத்தான் வர வேண்டும். வந்தவள் எழுந்து போகாதபடி ஒரு ரிசீவர் வாங்குவது என் பொறுப்பு. பாட்டால் இழுத்து, படத்தால் உட்கார வைக்கிற ரிசீவர். சபதமே எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் மூன்றாவது ரிசீவரில் பாட்டுப் போட்டார். நான் மனைவியின் பக்கம் சாய்ந்தேன்.

"கேட்டியா? வீணை தனியா நிக்குது."

"ம்."

"தபலா பாரு, கொழகொழன்னு இல்ல. ஒவ்வொரு விரலும் தனித்தனியா விழுது."

"ம்."

"கண்ணை மூடிக் கேளு."

"மூடிட்டுத்தான் இருக்கேன். நீங்க வாயை மூடினா கேக்கும்."

கடைக்காரர் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பாட்டு முடிந்ததும் மனைவி எழுந்து போய் ரிசீவரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இங்க ஸ்பீக்கர் ஒயர் மாட்டுற இடம் ரெண்டு ஜோடி காலியா இருக்கே, எதுக்கு?"

"ஒரு ஜோடி சும்மா மேடம். இன்னொண்ணு வேற ரூமுக்கு. ஹால்ல படம் ஓடிட்டே இருக்கும், உள்ள தனியா பாட்டு கேக்கலாம்."

"அதெல்லாம் பங்களாக்காரங்களுக்கு. நமக்கு எதுக்கு?" என்றேன்.

"ஆமா, நமக்கு எதுக்கு?" என்றாள் மனைவி. "ஆனா இதுலதாங்க பாட்டு நல்லா இருக்கு."

எனக்குப் புல்லரித்தது. நான் வாரக்கணக்கில் படித்துத் தேர்ந்தெடுத்து, மூன்றாவதாகக் கேட்க வேண்டும் என்று திட்டமிட்டு வைத்திருந்த அதே ரிசீவர். அவள் தேர்ந்தெடுத்ததாக அவளே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இல்லறத்தில் இதெல்லாம் ஒரு நுட்பம்.

வீட்டில் டிவி பக்கம் மூன்று, சோபாவுக்குப் பின்னால் தாங்கிகளில் இரண்டு என்று ஸ்பீக்கர்களை வைத்து ரிசீவரை மாட்டியதும் ஒரு சோதனை செய்ய வேண்டும். கூடவே வரும் சின்ன மைக்கை, கேட்பவரின் காது இருக்கும் உயரத்தில் வைத்தால், ரிசீவர் குயில்போல ஒரு சத்தம் எழுப்பி, அறையை அளந்து, தன்னைத் திருத்திக்கொள்ளும். அப்போது யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. அளவு என்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவதுதான் உத்தியோகம். மனைவியைச் சோபாவில் என் பக்கத்து இடத்தில் உட்கார வைத்து, தரையிலிருந்து அவள் காதுவரை டேப் பிடித்தேன்.

"என்னங்க இது, சவப்பெட்டிக்கு அளவெடுக்கிற மாதிரி?"

"அசையாதே. இனிமே இது உன் இடம். இங்க உக்காந்தாத்தான் எல்லாம் சரியாக் கேக்கும்."

"நான் தள்ளி உக்காந்தா?"

"பாடகர் கொஞ்சம் இடது பக்கம் போயிடுவார்."

"போகட்டுமே, பாவம். எவ்வளவு நேரந்தான் நடுவுலயே நிப்பார்?"

மின்விசிறியை நிறுத்தினேன். பிரிட்ஜை நிறுத்தினேன். குயில் கூவியது. நாங்கள் இருவரும் ஒரே சோபாவில், மூச்சை அடக்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தோம். உண்மையைச் சொன்னால் அந்த ரிசீவர் வந்ததில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம் அதுதான். அப்போது நான் பேசக் கூடாது என்று இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் தானாக வந்து உட்கார்ந்தாள். பாட்டுப் போட்டேன்.

"இடது பக்கம் வயலின் கேட்டுதா?"

"கேட்டுது."

"அது ரெண்டாவது வயலின். முதல் வயலின் எங்க, சொல்லு."

"வலது பக்கம்."

"இல்ல. நடுவுல, கொஞ்சம் பின்னாடி. திரும்பப் போடறேன், கேளு."

திரும்பப் போட்டேன். கேட்டாள். இன்னொரு முறை போட்டேன். "அடுப்புல என்னமோ வச்சேன்" என்று எழுந்து போனாள். அடுத்த நாள் வந்தாள். புல்லாங்குழல்காரர் மூச்சு எடுக்கும் இடத்தை அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் அடுப்பில் காலையிலிருந்தே என்னமோ இருந்தது.

வார முடிவில் வேலையிலிருந்து திரும்பினேன். சோபாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் காணவில்லை. தாங்கிகள் மட்டும் தலை போன ஆட்கள் மாதிரி நின்றன. உள்ளறையிலிருந்து பாட்டு வந்தது.

கதவைத் திறந்தேன். அவள் ஒரு பள்ளிச் சீருடைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் மேடையில் என் ஸ்பீக்கர்கள்.

"யார் மாட்டினது?"

"கடைக்காரத் தம்பிதான். போன் பண்ணினேன், வந்து மாட்டிக் கொடுத்துட்டுப் போச்சு. நல்ல புள்ளை."

"அப்ப என் ஹெலிகாப்டர்?"

"முன்னாடியே பறக்கட்டுமே. நீங்களும் திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டாம், கழுத்து வலிக்காது."

"நான் ஹால்ல உனக்குன்னு அளந்து வச்ச இடம்?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஏங்க, நீங்க பாட்டு கேக்கிறீங்களா, முத்திரை குத்துறீங்களா? நான் ஒரு பாட்டை முழுசாக் கேட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மகளுக்குப் போன் செய்து முறையிட்டேன்.

"உங்கம்மா பண்ணின வேலையப் பாத்தியா?"

"மாட்டியாச்சா? சூப்பர்ப்பா! அம்மா ரொம்பக் கேட்டுக்கிட்டே இருந்தா. ரெண்டு ரூமுக்கும் தனித்தனியா வர மாடல் எதுன்னு தேடிச் சொன்னதே நான்தானே."

"அதை நான்தான் தேர்ந்தெடுத்தேன்."

"உங்களுக்கு ஒரு கட்டுரை அனுப்பினேனே, படத்துக்கும் பாட்டுக்கும் ஏத்த ரிசீவர்னு, அதைப் படிச்சுத்தானே? அம்மாதான் அனுப்பச் சொன்னா."

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லிப் போனை வைத்தேன்.

ஆனாலும் தோற்றுவிடவில்லை. ஸ்பீக்கர் ஒயர் ஹாலிலிருந்து உள்ளறைக் கதவின் அடியில்தான் போயாக வேண்டும். கடைக்குப் போய் இருப்பதிலேயே தடிமனான ஒயரை வாங்கி, பழையதை எடுத்துவிட்டு, நானே போட்டேன். "தடிமனா இருந்தாத்தான் பாட்டு சுத்தமா வரும்" என்று விளக்கினேன். கதவு ஒயரில் இடித்து, முழுதாகச் சாத்த முடியவில்லை. இரண்டு விரற்கடை திறந்தே நின்றது. அந்த இடைவெளியில் ஹாலிலிருந்து பார்த்தால் அவள் முதுகில் கொஞ்சமும் மெஷினின் சக்கரமும் தெரிந்தன. எனக்கு அது போதும். சோபாவில் நான் உட்காரும் இடத்தை அதற்கேற்றபடி மாற்றிக்கொண்டேன். பாடகர் கொஞ்சம் இடது பக்கம் போனார்.

அடுத்த சாயங்காலம் நான் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. குனிந்து பார்த்தேன். கதவுக்கு அடியில் நாடா மாதிரி, காகிதம் போல, வெள்ளையாக ஒன்று போயிற்று.

"தட்டை ஒயராம்," என்றாள் உள்ளேயிருந்து. நான் குனிந்தது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. "கதவு சாத்தினாலும் நசுங்காதாம். தடி ஒயரைத் தம்பி திரும்ப எடுத்துக்கிச்சு. ரிமோட் உங்ககிட்டயே இருக்கட்டும், எனக்கு அதெல்லாம் தெரியாது. பாட்டை மாத்தணும்னா கூப்பிடறேன்."

இப்படியாக, என் வீட்டில் என் மனைவி பாட்டுக் கேட்பதற்கு ஹாலில் ஓர் ஆள் இருக்கிறார்.

சோபாவில் உட்கார்ந்து ஒரு படத்தைப் போட்டேன். கார்கள் ஒன்றையொன்று துரத்தின. எல்லாம் எனக்கு முன்னால்தான். உள்ளே பழைய பாட்டு ஒன்று ஓடியது. தையல் மெஷின் நின்றிருந்தது. சரணம் தொடங்கியதும் பாடகியின் குரலோடு இன்னொரு குரல் ஒட்டிக்கொண்டது. ரிசீவரில்தான் ஏதோ கோளாறு என்று எழப்போனேன். பிறகு அந்தக் குரல் ஓர் இடத்தில் வார்த்தை மறந்து, முனகி, அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொண்டது.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பாடி நான் கேட்டதில்லை. தாளத்துக்கு அரை மாத்திரை பின்னால் வந்தாள். சுருதியும் கொஞ்சம் கீழே இருந்தது. சொல்வதற்கு எனக்கு நிறைய இருந்தது.

படத்தின் சத்தத்தை அடியோடு எடுத்தேன். கார்கள் ஓசையில்லாமல் கவிழ்ந்தன. பிறகு ரிமோட்டில் உள்ளறைக்கான பொத்தானை அழுத்தி, பாட்டை ஒரு புள்ளி குறைத்தேன். கொஞ்சம் பொறுத்து, இன்னும் ஒரு புள்ளி.