டேப்லெட் சொல்லித்தந்த கணக்கு

லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருப்பவருக்கு உயர்ந்த எண்ணங்கள் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. அவை பாதியிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிடும் என்பதுதான் மனைவிக்குத் தெரிந்த, அவருக்குத் தெரியாத விஷயம்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர். மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். யாருக்கு எவ்வளவு தெரிகிறது, யார் தெரிகிற மாதிரி நடிக்கிறார்கள் என்பதை நாற்காலியில் உட்காரவைத்த உடனே கண்டுபிடித்துவிடுவாள். இப்பேர்ப்பட்டவளைக் கட்டிக்கொண்டவர் கொஞ்சம் அடக்கமாக இருந்திருக்கலாம். இவர் இருக்கவில்லை.

ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் வாலு. வாலுவுக்கு மற்ற பாடங்களெல்லாம் அம்மா. கணக்கு மட்டும் அப்பா. அதனால் சாயங்காலமானால் லிஃப்ட்காரருக்குத் தலைவலி வந்துவிடும். டி.வி.யில் மேட்ச் ஓடும். இவர் பின்னத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இதற்கு ஒரு முடிவு கட்டியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார்.

"இனிமே இந்த வீட்டுல யாரும் யாருக்கும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்ல. டேப்லெட் வாங்கிட்டேன்!"

"டேப்லெட்டா? சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றாள் மனைவி, துணி மடித்தபடியே.

"கிண்டலா? இது படிப்புக்கு."

"உங்களுக்கா, அவளுக்கா?"

"அவளுக்குத்தான். 'மூளை மின்னல்'னு பேரு. உள்ள ஒரு கரடி இருக்கு. அந்தக் கரடியே எல்லாத்தையும் சொல்லித்தரும்."

"கரடி விடறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே, இன்னொண்ணு எதுக்கு?"

"உனக்கு எங்க புரியப்போகுது! ஒவ்வொரு பிள்ளையோட மூளைக்கும் தகுந்த மாதிரி பாடம். அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி."

"சட்டை சரிங்க. உள்ள உடம்பு வளரணுமே?"

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது லிஃப்ட்காரரின் வழக்கம். உயர்த்தினார். மனித குல வளர்ச்சி, எதிர்காலம், விஞ்ஞானம் என்று கால் மணி நேரம் முழங்கினார். எல்லாம் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்ததுதான்.

"சரிங்க, உங்க இஷ்டம்" என்றாள் மனைவி.

பெண்டாட்டி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் விவரமுள்ள புருஷன் பயப்படுவான். லிஃப்ட்காரர் மேட்ச் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கரடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவ்வளவு நல்ல கரடியை எந்தக் காட்டிலும் பார்க்க முடியாது. கேள்வி கேட்கும், நான்கு விடை காட்டும். சரியானதை அமுக்கினால் எக்காளம் முழங்கும், நட்சத்திரம் கொட்டும், "அபாரம்! நீ ஒரு மேதை!" என்று கரடி குட்டிக்கரணம் போடும். தப்பானதை அமுக்கினால், "பரவாயில்லை மேதையே!" என்று அந்த விடையை மட்டும் அழித்துவிடும். மறுபடி தப்பா? இன்னொன்றை அழிக்கும். கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கும். அதை அமுக்கினாலும் எக்காளம், நட்சத்திரம், குட்டிக்கரணம்தான். இந்த முறையில் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட மேதையாக்கிவிடலாம். குளம்பு மட்டும் திரையில் சரியாகப் படவேண்டும்.

வாலு முதல் நாளே சூட்சுமத்தைப் பிடித்துவிட்டாள். டொக், டொக், டொக், அபாரம். டொக், டொக், அபாரம். கேள்வியைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. தினமும் லிஃப்ட்காரர் செல்போனுக்கு ஒரு செய்தி வரும்: 'வாழ்த்துகள்! உங்கள் மகளின் தேர்ச்சி தொண்ணூற்றெட்டு சதவீதம்!' அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் பல் டாக்டரை மடக்குவார்.

"பாருங்க டாக்டர். தொண்ணூத்தெட்டு! இவ வயசுல நான் இவ்வளவு வாங்கினதே இல்ல."

"எந்த வயசுல வாங்கினீங்க?" என்பார் பல் டாக்டர் அப்பாவியாக. அவருக்கு இரட்டைப் பெண்கள். "எங்க வீட்டுல ரெண்டும் புத்தகத்தக் கடிக்குதுங்க சார். படிக்கத்தான் மாட்டேங்குது."

வீட்டிலோ வாலு வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தாள். ஷூ மாட்டிவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்து நின்றாள். "இன்னிக்கு ஸ்கூல் எப்படிடி இருந்துச்சு?" என்று அம்மா கேட்டால், "நாலு விடை சொல்லும்மா, ஒண்ண எடுத்துக்கறேன்" என்றாள்.

"பார்த்தியா, எவ்வளவு துல்லியம்!" என்று லிஃப்ட்காரர் பூரித்துப்போனார். கண் பரிசோதனைப் பலகையைத் தலைகீழாகப் படிப்பவனைப் பார்ப்பதுபோல மனைவி அவரைப் பார்த்தாள்.

பிறகு கணக்கு டீச்சரிடமிருந்து அழைப்பு வந்தது. 'மாணவியின் தந்தை மட்டும் வரவும்.' பாராட்டுக் கூட்டமாக இருக்கும் என்று லிஃப்ட்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் போனார்.

டீச்சர் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். அதன் வழியாக அவரை ஒருமுறை அளந்துவிட்டு, வாலுவைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்தார்.

"மைனஸ் மூணோட ஏழைக் கூட்டினா எவ்வளவு? போடு."

வாலு தாளைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். "ஆப்ஷன் என்ன மிஸ்?"

"ஆப்ஷன் கிடையாது. நீயே யோசிச்சுப் போடு."

வாலு விரலால் தாளை ஒரு மூலையில் அமுக்கினாள். இன்னொரு மூலையில் அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. உதடு பிதுங்கியது.

"அப்பா, இதுல எங்கப்பா அமுக்கணும்?"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். லிஃப்ட்காரர் அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கேள்வி கேட்டே தன் பிராணனை வாங்கிய பெண் இவள். லிஃப்ட் ஏன் விழாது, விழுந்தால் நாம் மிதப்போமா என்று நச்சரித்தவள். இப்போது வெறும் தாளைக் கண்டு நடுங்குகிறாள்.

"அடுத்த மாசம் ஒரு மறுதேர்வு வைக்கறேன்" என்றார் டீச்சர். "அதுலயும் இப்படின்னா, அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களோட உட்காந்துதான் கணக்குப் படிக்கணும்."

வெளியே வந்ததும் வாலுவின் கண்ணைத் துடைத்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத" என்றார். மகளின் படிப்பு ஒரு பக்கம், மனைவியிடம் மானம் ஒரு பக்கம். இரண்டையும் ஒரே கயிற்றில் தூக்குவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் டேப்லெட் உறையை வாலுவின் கையில் கொடுத்து, "வா, மொட்டை மாடியில சிக்னல் நல்லா கிடைக்குது" என்று மனைவி காதில் விழும்படி சொன்னார்.

"போயிட்டு வாங்க. நல்லாப் பிடிங்க சிக்னலை" என்றாள் மனைவி.

மொட்டை மாடிக்கு அவர்கள் போகவே இல்லை. மாடிப்படிக்குத்தான் போனார்கள். உறையை ஒரு படியில் வைத்துவிட்டு லிஃப்ட்காரர் சாக்கட்டியை எடுத்தார். தரைத்தளத்துச் சுவரில் பூஜ்யம் போட்டார். மேலே ஒன்று, இரண்டு, மூன்று. கீழே வண்டி நிறுத்தும் தளங்கள் இரண்டு. மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு.

"மைனஸ் ரெண்டுல நிக்கறே. அஞ்சு மாடி ஏறு. எங்க இருப்பே?"

"ஆப்ஷன்…"

"ஆப்ஷன் கால்ல இருக்கு. ஏறு."

ஏறினாள். கூடவே அவரும் ஏறினார். மூன்றாம் மாடியில் மூச்சிரைக்க நின்று, "மூணு!" என்று வாலு கத்தினாள். எக்காளம் ஊதவில்லை. குட்டிக்கரணம் போட அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அங்கருந்து நாலு மாடி இறங்கு" என்றார்.

அவள் உடனே இறங்கவில்லை. படிகளைப் பார்த்தபடி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, வெகுநேரம் நின்றாள். லிஃப்ட்காரர் வாயைத் திறக்கப் போனவர் மூடிக்கொண்டார். தன் பெண் யோசிப்பதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"மைனஸ் ஒண்ணுப்பா. இறங்கிக் காட்டணுமா?"

"வேண்டாம்டி தங்கம். எனக்கு முட்டி போயிடுச்சு."

இப்படி நாள்தோறும் நடந்தது. மேட்ச் போயிற்று, தலைவலியும் போயிற்று. பின்னத்துக்கு லிஃப்டின் பாரம், சதவீதத்துக்குப் பயணிகள் எண்ணிக்கை என்று தன் தொழிலையே அவிழ்த்துக் கொட்டினார். வாலு தப்புப் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள், சண்டை பிடித்தாள். மாடிப்படி முழுக்க இவர் குரல் எதிரொலித்தது. வீட்டுக்குள் நுழையும்போது மட்டும், "அடேயப்பா, கரடி என்னமா சொல்லித்தருது!" என்பார். உறையைத் திறக்காமலேயே செய்தி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது: 'வாழ்த்துகள்! நூறு சதவீதம்!' படிக்காததற்கும் மார்க் போடுகிற தாராளக் கரடி என்று நினைத்துக்கொண்டார்.

மறுதேர்வில் வாலு ஒரே ஒரு கணக்கைத்தான் தப்பாகப் போட்டாள். அதுவும் எங்கே தப்பு என்று அவளே வந்து விளக்கினாள். லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பார்த்துப் பல் டாக்டரும் வீட்டுக்கு வந்திருந்தார். லிஃப்ட்காரர் மனைவியையும் அவரோடு உட்காரவைத்து, கரகரத்த குரலில் முழங்கினார்.

"இப்பவாவது ஒத்துக்கறியா? எல்லாம் அந்த மிஷின் பண்ணினது! மனுஷனால ஆகுமா?"

"ஆகவே ஆகாதுங்க" என்றாள் மனைவி.

"அந்த மிஷினக் கொஞ்சம் காட்டுங்க சார், பார்க்கறேன்" என்று பல் டாக்டர் உறையை எடுத்து ஜிப்பை இழுத்தார். உள்ளே இருந்ததை வெளியே எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். பல்லைப் பார்ப்பதுபோல ஓரத்தை உற்றுப் பார்த்தார்.

"சார், இது காய் நறுக்கற பலகை."

லிஃப்ட்காரர் வாலுவைப் பார்த்தார். வாலு கூரையைப் பார்த்தாள். "அம்மாதான் சொல்ல வேண்டாம்னாங்க."

"டேப்லெட் எங்க?"

"என்கிட்டதான்" என்றாள் மனைவி, கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். "நீங்க சிக்னல் பிடிக்கப் போன முதல் நாள்லேர்ந்தே. சோபாவுல காலை நீட்டிப் பாட்டுக் கேக்க ரொம்ப வசதியா இருக்கு. நடுநடுவுல கண்ண மூடிக்கிட்டு அந்தக் கரடியையும் நாலு தட்டுத் தட்டுவேன். நூறு சதவீதம் கொடுக்குது, பாவம்."

"அப்ப… உனக்கு எல்லாம் தெரியுமா?"

"டீச்சர் கண்ணாடி மாத்தறதுக்கு எங்க கடைக்குத்தானே வந்தாங்க? அவங்க என்னைத்தான் ஸ்கூலுக்குக் கூப்பிடறதா இருந்தாங்க. 'நான் வந்தா வேலைக்காகாது, அவ அப்பாவை மட்டும் கூப்பிடுங்க'ன்னு சொன்னதே நான்தான்."

லிஃப்ட்காரர் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி நின்றார். மேலே போகவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. இந்தச் சமயம் பார்த்துப் பல் டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அப்ப மாடிப்படியில தினமும் கேக்கற குரல் உங்களுதா? நான் கரடின்னு நினைச்சேன் சார்! எங்க வீட்டு ரெண்டையும் நாளைலேர்ந்து அனுப்பிடறேன்."

"ஐயோ டாக்டர், எனக்கு மேட்ச்…" என்று ஆரம்பித்தார். ஒரு மாதமாகக் கத்திய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

மனைவி ஒரு டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"மிஷினுக்குத் தொண்டை கட்டியிருக்கு. வெந்நீரைக் குடிச்சிடுங்க, மேல்வீட்டு மூணு பிள்ளைங்களையும் நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்."