தொண்ணூற்றாறு, ஒரு தரம்!

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கு உங்கள் அத்தையும் நானும் சௌக்கியம். எனக்கு உடம்பு இரும்பு, அதைப் பற்றி விசாரிக்க வேண்டியதில்லை. அங்கு நீங்களும் என் மகளும் அப்படியே இருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை கிளினிக் நிர்வாகக் குழுக் கூட்டத்தில், நீங்கள் எழுதி அனுப்பிய மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். மற்ற நான்கு பேரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். "சொந்த மாப்பிள்ளை எழுதினது, நீங்களே போடலன்னா எப்படிங்க?" என்றார் தலைவர். "பொண்ணைக் குடுத்தது வேற கணக்கு. இது நோயாளிங்க உடம்பு" என்றேன். மாதக் கடைசி வரை தவணை கிடைத்திருக்கிறது. அதற்குள் நீங்கள் அறிக்கையைத் திருத்தாவிட்டால் நம் சாயங்கால சர்க்கரை கிளினிக்கைப் பூட்டிவிடுவார்கள். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

உங்கள் கணக்கில் பிழை இல்லை. புதிதாக வந்தவர்கள் நூறு பேர், இரண்டாம் முறை வராதவர்கள் அறுபத்திரண்டு. ஆனால் கருத்துப் படிவத்தில் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறார்கள், ஆகவே குறை ஒன்றும் இல்லை, ஆகவே மக்களுக்கு இந்த கிளினிக் தேவைப்படவில்லை, ஆகவே மூடலாம் என்று மூன்று ஆகவே போட்டிருக்கிறீர்கள். அந்தப் படிவத்தை யார் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டீர்களா? நர்ஸம்மா கொடுத்தார், ஊசி போடுவதற்கு முன்னால். ஒரு கையில் படிவம், இன்னொரு கையில் ஊசி. அந்த நேரத்தில் மூன்று மதிப்பெண் போடுகிற தைரியசாலி எந்த ஊரில் இருக்கிறான்? என் கடையில் நாற்காலியை உட்கார்ந்து பார்த்து, தட்டிப் பார்த்து, "பிரமாதமா இருக்கு, அப்புறம் வர்றேன்" என்று போகிறவர் இந்த ஜென்மத்தில் திரும்பி வரமாட்டார். எத்தனை பேர் போனார்கள் என்பதைப் பேரேடு சொல்லும், ஏன் போனார்கள் என்பதை வாசல் வரைக்கும் கூடவே போய்ப் பேச்சுக் கொடுத்தால்தான் தெரியும்.

அதனால் அறிக்கை கைக்கு வந்த உடனேயே, கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே, நானே கிளம்பினேன். கிளினிக்குப் போய் வராந்தாவில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் "இங்க என்னங்க குறை?" என்று கேட்டேன். ஒருவர் விடாமல் "உக்கார நாற்காலி சரியில்லைங்க" என்றார்கள். பளிச்சென்று புரிந்துவிட்டது என்று நினைத்து, மெத்தை வைத்த நாற்காலி நாற்பது, என் கிடங்கிலிருந்து இறக்கிப் போட்டேன். மூன்று வாரம் ஓடியது. வராதவர்கள் வரவில்லை, வந்தவர்கள் கொஞ்சம் சுகமாகத் தூங்கினார்கள், அவ்வளவுதான். உங்கள் அத்தையிடம் புலம்பினேன். "நாற்காலிக்காரர் வந்து குறை என்னன்னு கேட்டா வேற என்னத்தைச் சொல்வாங்க? நீங்க செருப்புக்கடை வச்சிருந்தா செருப்பு வைக்க இடமில்லன்னு சொல்லியிருப்பாங்க" என்றாள். ஆகவே, மாப்பிள்ளை, வெறும் எண்ணிக்கையை நம்பி நீங்கள் ஏமாந்தீர்கள், வெறும் பேச்சை நம்பி நான் ஏமாந்தேன். இதில் நமக்குள் பெரியவர் சின்னவர் இல்லை.

அப்புறம் ஒரு டீச்சரம்மாவைத் தெருமுனையில் பார்த்தேன். ஒரு தடவை வந்துவிட்டு நின்றவர். நாற்காலிப் பேச்சே எடுக்காமல், "கால் புண்ணு ஆறிடுச்சாம்மா?" என்றுதான் கேட்டேன். படபடவென்று கொட்டிவிட்டார். "ஆறாட்டி போகுது சார், அங்க வரமாட்டேன். எடை பாக்குறவரு என்னை ஏலம் விட்டுட்டாரு. என் கிளாஸ் பசங்களோட அம்மாங்க நாலு பேரு உக்காந்திருந்தாங்க. இப்ப ஸ்கூல்ல எனக்கு எழுபத்தெட்டு டீச்சர்னு பேரு!" விஷயம் இதுதான். எடை மேடை வராந்தாவில் இருக்கிறது, நோட்டு உள்ளே நர்ஸம்மாவிடம். செவ்வாய், வியாழன் கூட்டம் அதிகம் என்று ஒரு பெரியவர் சும்மா உதவிக்கு வருகிறார். முப்பது வருஷம் காய்கறி மண்டியில் ஏலம் கூவியவர். அவர் உள்ளே கேட்கட்டும் என்று "எழுபத்தெட்டு, ஒரு தரம்!" என்பார். உள்ளேயிருந்து பதில் வரவில்லையென்றால் "ரெண்டு தரம்!" நர்ஸம்மா "எழுதியாச்சு" என்று சொல்லும்வரை விடமாட்டார். நல்ல மனுஷன், தொண்டை மட்டும்தான் மண்டியிலேயே நின்றுவிட்டது.

இதைக் கேட்டதும் நான் குதித்துவிடவில்லை, நாற்காலியில் ஒரு முறை பட்டவன். நர்ஸம்மாவின் நோட்டை வாங்கி உங்கள் அறுபத்திரண்டைக் கிழமைவாரியாகப் பிரித்தேன். பெரியவர் இல்லாத நாட்களில் வந்த நாற்பதில் நின்றவர்கள் பதினொன்று. அவர் இருந்த நாட்களில் வந்த அறுபதில் நின்றவர்கள் ஐம்பத்தொன்று! மேடையைத் திரைக்குப் பின்னால் தள்ளி, பெரியவர் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தோம். "எழுதிக் குடுத்தா உள்ள கேக்குமாய்யா?" என்று அவருக்கு இன்னும் சந்தேகம். திரை போட்ட பிறகு அவருடைய நாட்களில் புதிதாகப் பதினான்கு பேர் வந்தார்கள், பதினொருவர் மறுவாரமும் வந்தார்கள். பெரியவர் இல்லாத நாட்களில் வந்து நின்ற அந்தப் பதினொரு பேர் ஏன் நின்றார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

போனில் மகள் சொன்னாள்: "அப்பா, இதுக்குப் பேரு கலப்பு முறை ஆய்வு. அவர் படிச்சதே அதுதான்." படித்ததை ஏன் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள், மாப்பிள்ளை? எண்ணிக்கை ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று தனித்தனியாகத் தைக்க வேண்டாம். எண்ணிக்கை கேட்ட கேள்விக்குப் பேச்சு பதில் சொல்லட்டும், பேச்சு சொன்னதை எண்ணிக்கை சரிபார்க்கட்டும். அப்படி எழுதுங்கள், நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு எடையைக் கூவினதற்காக உடம்பையே விட்டுவிடுகிறவர்களை என்ன சொல்வது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. மானம் பெரிதா, கால் பெரிதா?

இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு நெடுநாள் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: மகள் எப்படியும் சொல்லிவிடுவாள், நானே சொல்லிவிடுகிறேன். நோட்டைப் பிரித்தபோது நர்ஸம்மா ஒரு வரியில் விரலை வைத்து, "ஐம்பத்தொண்ணுல இருபத்தேழாவது பேரு யாருது, கொஞ்சம் சத்தமா வாசிங்க" என்றார். என்னுடையது. போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, தொண்ணூற்றாறு, மூன்று தரம் வரைக்கும் போனது. வராந்தாவில் எதிர்க்கடை நாற்காலிக்காரன் உட்கார்ந்திருந்தான். அத்தைக்கு இன்றுதான் தெரியும். நோட்டை உங்களுக்குப் பிரதி எடுத்து அனுப்ப நர்ஸம்மா போட்ட நிபந்தனை: பன்னிரண்டு வாரம், வியாழன்தோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் ஆஜராக வேண்டும், எடை திரைக்குப் பின்னால், சீட்டில் மட்டும், படிவத்தை ஊசிக்குப் பிறகு வீட்டில் வைத்து நிரப்ப வேண்டும், நாற்காலியைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. ஒத்துக்கொண்டேன்.