சொல்தா கேட்ட கையெழுத்து

குருவிநத்தத்தில் வட்டிக்கடை ஆட்கள் இரண்டுக்குத்தான் பயந்தார்கள். ஒன்று, பெண்ணையாற்று வெள்ளம். இன்னொன்று, சொல்தா. வெள்ளமாவது நாலு நாளில் வடிந்துவிடும்.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். பாகூர் கொம்யூன் ஊர்களில் எத்தனையோ சொல்தாக்கள் உண்டு. ஆனால் வெறுமனே சொல்தா என்றால் அது அவர்தான். கரும்பு வண்டி ஓட்டினார். சித்திரை வெயிலிலும் பட்டாளத்துக் கம்பளிக் கோட்டைக் கழற்றமாட்டார். கேட்டால், "உள்ள இருக்கற சட்டய பாத்தா நீயே கோட்ட போட்டுக்கச் சொல்லுவ" என்பார். மாடுகளிடம் பிரெஞ்சில்தான் பேசுவார். மனிதர்களிடம் கையெழுத்தைப் பற்றிப் பேசுவார்.

"பட்டாளத்துல ஒரு பூட்ஸ் குடுக்கக்கூட கையெழுத்து வாங்குவான்பா. குண்டு வந்து வுழும்போது மட்டுந்தான் கேக்கல."

என் அக்கா அஞ்சலையின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மாதமே, பாகூர் வட்டிக்கடையிலிருந்து இரண்டு தடியர்கள் வந்து நின்றார்கள்.

"ஒம் புருசன் முந்நூறு ரூபா வாங்கிகினு போனான். துட்ட வை. இல்லன்னா மாட்ட அவுத்துகினு போவோம்."

நடவு நேரம். மாடு போனால் நிலம் தரிசு, அக்காளும் இரண்டு பெண் பிள்ளைகளும் பட்டினி. வில்லியனூரில் துணிக்கடையில் வேலை பார்த்த நான் சேதி கேட்டு ஓடிவந்து, மறுநாளும் வந்து நின்ற அவர்களிடம் தவணை கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து சொல்தா ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளியாட்களை அவர் ஐயா என்னமாட்டார், பிரெஞ்சில் முசியே என்பார்.

"உக்காருங்க முசியே. மோர் குடிங்க. இன்னா, பத்திரத்த காட்டுங்க, பேசிடலாம்."

"அது கடையில இருக்குது."

"எடுத்தாங்க. மாடு எங்கயும் ஓடாது. அதுங்களுக்கும் வயசாயிடுச்சு."

மோரைக் குடித்துவிட்டுப் போனவர்கள் மறுநாள் ஒரு காகிதத்தோடு வந்தார்கள். சொல்தா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"முந்நூறுன்னு எழுதியிருக்கு. யாரு எழுதினது?"

"எங்க மொதலாளி."

"கீழ கையெழுத்து?"

"அதுவும் மொதலாளிதான்."

"அப்படின்னா கடன் வாங்கினவரு ஒங்க மொதலாளிதான். அவரு மாட்ட போய் அவுங்க."

ஒரு தடியன் கோபத்தில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துவிட்டான். சொல்தா அசையவில்லை. கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். "வாங்க, எல்லாரும் சேந்தே மாட்ட போலீசுக்கு ஓட்டிகினு போவோம். எவன் கையெழுத்த வெச்சு அவுத்தீங்கன்னு அங்க காட்டுங்க." கயிறு தானாகக் கீழே விழுந்தது. இருவரும் நடையைக் கட்டினார்கள்; அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

நான் குதிக்காத குறை. சொல்தா அக்காளிடம் திரும்பினார்.

"அஞ்சல, நெசத்த சொல்லு. வாங்கினானா?"

நான் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினேன். அக்கா அழுதுகொண்டே, "நாப்பது வாங்கினாரு மாமா. வெத நெல்லுக்கு" என்றாள்.

"அப்ப நாப்பது குடுத்துடணும். முந்நூறு அவன் பொய்யி. நாப்பது நம்ம வார்த்த."

அறுவடை முடிந்ததும் எங்களை வண்டியில் ஏற்றிப் பாகூர் கூட்டிப் போனார். நாற்பது ரூபாயை வட்டிக்கடைக்காரர் இரண்டு முறை எண்ணினார். வட்டியைப் பற்றி வாயைத் திறக்கும் முன்பே, சொல்தா அவர் கையில் பேனாவைக் கொடுத்தார். "பாக்கி இல்லன்னு எழுதி கையெழுத்து போடுங்க, முசியே." போட்டார்.

திரும்பும் வழியில் அக்கா வண்டிச் சட்டத்தில் சாய்ந்து தூங்கிப்போனாள். புருஷன் போனதிலிருந்து அவள் அப்படி அசந்து தூங்கி நான் பார்க்கவில்லை. சொல்தா கயிற்றை இழுத்துப் பிடித்து, "மெதுவா போவட்டும் தம்பி. தூங்குது பாரு" என்றார்.

பாகூரிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் குருவிநத்தத்துக்கு அத்தனை நேரம் வண்டி ஓட்டிய மனிதர் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.